85-இல் வரும் நடுக்கம்

தலைப்பைப் பார்த்துவிட்டு யாரும் மருத்துவக் கட்டுரை என்று நினைக்க வேண்டாம். எனக்கு 85 வயதாக இன்னும் பத்து வருடத்துக்கு மேல் இருக்கிறது. நான் சொல்ல வந்தது காரைப் பற்றி. ஊருக்குள் ஓட்டும்போது சாதுவாக இருக்கும் கார், மரக்காணம் தாண்டி உப்பளத்துப் பக்கம் நேர்ச்சாலையில் 85 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் ஸ்டியரிங்கைப் பிடித்த கை நடுங்க ஆரம்பிக்கும். 110-க்குப் போனால் அடங்கிவிடும். மெக்கானிக்கிடம் சொன்னால், அவர் ஒர்க்‌ஷாப் வாசலில் 40-இல் ஒரு சுற்று போய்விட்டு வந்து, "ஒண்ணுமே தெரியலையே சார்" என்பார். ஆனாலும் ஏதாவது ஒன்றை மாற்றிவிடுவார்.

இந்த 'ஏதாவது ஒன்றை மாற்றிவிடுவது' என்ற பழக்கத்தைப் பற்றித்தான் எனக்குக் கோபம். நம் வயதில் கார் வைத்திருப்பவர்களில் பலர் மாதம் ஒருமுறை சென்னைக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள், இல்லையென்றால் கோயில், மருத்துவமனை என்று அலைகிறவர்கள். வாங்குவது பென்ஷன். 'பேரிங் போச்சு', 'ராக் போச்சு' என்று ஒவ்வொன்றாக மாற்றச் சொன்னால் மறுத்துப் பேச நமக்குத் தெரியாது. சாலையில் நடுக்கம் என்றால் பயம் வேறு. பயந்தவன் கேட்ட விலையைக் கொடுப்பான்.

போன வருடம் முத்தியால்பேட்டை நண்பர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அவரும் என்னோடு பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். இன்றும் என்னைப் பார்த்தால் "வா முசே" என்றுதான் கூப்பிடுவார். ஒன்பது வருடப் பழைய சின்னக் கார், ஓடியது 46,000 கிலோமீட்டர்தான். பாரீசில் இருக்கும் பிள்ளை பணம் அனுப்பி, "அப்பா, வண்டிக்கு அலாய் வீல் போட்டுக்கோங்க" என்றிருக்கிறான். 14 அங்குல இரும்புச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு 15 அங்குல அலாய், அதற்குப் புது டயர். அதே வாரத்தில் நான்கு ஷாக் அப்சார்பரும் மாற்றினார்கள். பழையவற்றில் இரண்டு எண்ணெய் கசிந்துகொண்டிருந்ததால் அது தேவையான வேலைதான். வண்டி பார்க்க அழகாக வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேத்தியைப் பார்க்கச் சென்னை கிளம்பியவர் கடப்பாக்கத்தில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்தார். 80-இல் லேசாக, 85-இலிருந்து 95 வரை பலமாக நடுக்கம். 105-க்கு மேல் குறைகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, இனி பஸ்ஸில்தான் வருவேன் என்று சொல்லிவிட்டாராம்.

ஒர்க்‌ஷாப்பில் முதலில் அலைன்மென்ட் செய்தார்கள். போகவில்லை. மறுபடி அலைன்மென்ட். பிறகு முன்பக்க வீல் பேரிங் இரண்டும் புதிது. போகவில்லை. மூன்றாவது அலைன்மென்ட். கடைசியாக "ஸ்டியரிங் ராக் மாத்திடலாம் சார், 18,000 ஆகும்" என்றார்கள். அதற்குள் 11,000 போயிருந்தது. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்.

இங்கே ஒரு பிரெஞ்சு விஷயம். தமிழில் பேசும்போது நாம் 'அலைன்மென்ட்', 'பேலன்சிங்' இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். பலருக்கு இரண்டும் ஒன்றுதான். பிரெஞ்சில் முதலாவதற்குப் 'பராலெலிஸ்ம்' என்று பெயர், சக்கரங்கள் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கின்றனவா என்பது. இரண்டாவதற்கு 'எக்கிலிப்ராஜ்', அதாவது எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்பது. பெயரிலேயே வித்தியாசம் தெரிந்துவிடுகிறது. இணையாக இல்லாத சக்கரம் வண்டியை ஒரு பக்கம் இழுக்கும், டயரைத் தேய்க்கும். அதனால் மட்டும் 85-இல் ஸ்டியரிங் நடுங்காது. அப்படித் தேய்ந்த டயர்தான் பின்னால் சத்தமும் அதிர்வும் தரும். எனவே நடுக்கத்துக்கு மூன்று தடவை அலைன்மென்ட் செய்வது, காய்ச்சலுக்கு மூன்று தடவை கண்ணாடி மாற்றுவது மாதிரி. ஷாக் அப்சார்பர் மாற்றியதற்காக ஒருமுறை செய்தது சரி. மற்ற இரண்டும் வீண்.

எடை சமமில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. நம் சின்னக் கார்களின் டயர் சுமார் 62 சென்டிமீட்டர் விட்டம். 90 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 13 சுற்று சுற்றும். ரிம்மின் ஓரத்தில் வெறும் 30 கிராம் அதிகம் இருந்தால், அந்த வேகத்தில் அது ஏறக்குறைய 4 கிலோ எடையின் பலத்தோடு சக்கரத்தை இழுக்கிறது. அதுவும் விநாடிக்கு 13 தடவை, மேலும் கீழும் முன்னும் பின்னுமாக. பாதி வேகத்தில், 45-இல், அந்த இழுப்பு நாலில் ஒரு பங்காகிவிடும். வாசலில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று மெக்கானிக் சொல்வது பொய்யில்லை. தெரியாத இடத்தில் தேடுகிறார், அவ்வளவுதான். மேலே போனால் அடங்குவதற்கும் காரணம் உண்டு. சக்கரமும் அச்சும் சேர்ந்த பாகத்துக்கு என்று ஒரு இயல்பான ஆட்ட வேகம் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அது விநாடிக்கு 10-லிருந்து 15 தடவை. சக்கரம் சுற்றும் எண்ணிக்கை அதோடு ஒத்துப்போகும்போது ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல ஆட்டம் பெருகும். தாண்டிவிட்டால் குறையும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் வந்து, மேலே போனால் குறைகிற நடுக்கம் என்றால் பத்துக்கு ஒன்பது சக்கரத்தில்தான் தேட வேண்டும்.

பள்ளியில் எங்களுக்குத் தெகார்த் பாடம் உண்டு. 1637-இல் அவர் எழுதிய 'முறை பற்றிய உரை'யில் நான்கு விதிகள் சொல்கிறார். சந்தேகமற்றுத் தெரியாததை உண்மை என்று ஏற்காதே, சிக்கலைச் சிறு பகுதிகளாகப் பிரி, எளியதில் ஆரம்பி, எதையும் விட்டுவிடாமல் கணக்கெடு. பதினாறு வயதில் இதை மனப்பாடம் செய்யும்போது, எதற்கு இந்தத் தொல்லை என்று இருந்தது. கார் ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அந்த மனிதர் எவ்வளவு பெரிய மெக்கானிக் என்று புரிகிறது.

நான் நண்பரிடம் முதலில் கேட்டது, பழைய இரும்புச் சக்கரங்கள் எங்கே என்று. நல்லவேளையாக விற்கவில்லை, பின்கட்டில் கிடந்தன. லாஸ்பேட்டையில் எனக்குத் தெரிந்த வயதான மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோய், முன்பக்கம் இரண்டு அலாயைக் கழற்றிப் பழைய சக்கரங்களைப் போடச் சொன்னோம். திண்டிவனம் நாற்கரச் சாலையில் அதிகாலை ஆறு மணிக்கு ஓட்டிப் பார்த்தோம். 85, 90, 95. ஸ்டியரிங் அசையவில்லை. டயரிலிருந்து 'ஊ' என்று ஒரு ஓசை மட்டும் வந்தது. அது வேறு கதை. ஷாக் அப்சார்பர் செத்துப்போய் பல மாதம் ஓடிய வண்டியில் டயர் அலை அலையாகத் தேய்ந்துவிடும். ஷாக் அப்சார்பரைப் புதிதாக மாற்றினாலும் டயரில் விழுந்த பள்ளம் நிரம்பாது. சஸ்பென்ஷன் வேலை பார்த்த பிறகும் சத்தம் இருக்கிறதே என்று மெக்கானிக்கைத் திட்டுகிறவர்கள் முதலில் டயரைக் கையால் தடவிப் பார்க்கலாம்.

ஆக, பேரிங் இல்லை, ராக் இல்லை, ஷாக் அப்சார்பர் இல்லை. குற்றவாளி சக்கரம்தான் என்று ஒரு மணி நேரத்தில், 200 ரூபாய் பெட்ரோலில் தெரிந்துவிட்டது.

பிறகு அந்த மெக்கானிக் அலாய் சக்கரத்தை ஹப்பின் மேல் வைத்து, நடு ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுக் காட்டினார். விரல் போயிற்று. போகக் கூடாது. பல சின்னக் கார்களில் ஹப்பின் நடுவளையம் 54.1 மில்லிமீட்டர். கடைகளில் விற்கும் அலாய் சக்கரங்கள் எல்லாக் காருக்கும் பொருந்த வேண்டும் என்று 67.1, 73.1 என்று பெரிய ஓட்டையோடு வருகின்றன. நடுவில் இருக்கும் இடைவெளியை அடைக்க ஒரு பிளாஸ்டிக் அல்லது அலுமினிய வளையம் உண்டு. இவருடைய வண்டியில் அதைப் போடவே இல்லை. அதனால் சக்கரம் நடுவில் நிற்க நான்கு நட்டுகளை மட்டும் நம்பியிருந்தது. வண்டி ஜாக்கியில் தொங்கும்போது சரியாக உட்கார்த்தாமல் ஏர் கன்னால் ஒரு நட்டை முதலில் இறுக்கினால், சக்கரம் அரை மில்லி கீழே இறங்கி நின்றுவிடும். அரை மில்லி என்ன செய்யும் என்று கேட்பீர்கள். டயரோடு சேர்ந்து 15 கிலோ எடையுள்ள சக்கரம் அரை மில்லி நகர்ந்தால், ரிம் ஓரத்தில் 40 கிராம் கட்டி ஒட்டியதற்குச் சமம்.

இதில் வேடிக்கை, பேலன்சிங் மெஷினில் இது தெரியவே தெரியாது. மெஷின் சக்கரத்தை அதன் நடு ஓட்டையில் கூம்பு வைத்துப் பிடிக்கிறது. அங்கே சக்கரம் நடுவில்தான் நிற்கும், திரையில் பூஜ்யம் காட்டும். வண்டியில் மாட்டும்போதுதான் தவறு வருகிறது. 'பேலன்சிங் பார்த்தாச்சு சார், பூஜ்யம்' என்று ஒர்க்‌ஷாப்காரர் சத்தியம் செய்தது உண்மை. நண்பர் நடுங்கியதும் உண்மை.

நான்கு வளையங்கள் 600 ரூபாய். ஹப்பின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, வளையம் போட்டு, நட்டுகளைக் கையால் எதிரெதிராக முடுக்கி, வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு டார்க் ரெஞ்ச்சால் இறுக்கினார். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 85-லிருந்து 120 நியூட்டன் மீட்டருக்குள். அன்று மாலையே நண்பரும் மனைவியும் மகாபலிபுரம் வரை போய் வந்தார்கள்.

என் கட்சி இதுதான்: ஒரே நாளில் இரண்டு பெரிய மாற்றங்களைச் செய்யாதீர்கள். ஷாக் அப்சார்பர் மாற்றினால், அலைன்மென்ட் பார்த்து, நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். பிறகு சக்கரம். இரண்டையும் சேர்த்துச் செய்தால் லேபர் மிச்சம் என்பார்கள். மிச்சமான லேபர் என்ன ஆயிற்று என்பதை மேலே பார்த்தோம்.

அடுத்தது, வண்டியை விடும்போது வாயால் சொல்லாமல் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். முப்பத்துச் சொச்சம் வருடம் கோப்பு எழுதியவன் என்பதால் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். டாக்டரிடம் போகும்போது எழுதிக்கொண்டு போவதில்லையா? எந்த வேகத்தில் ஆரம்பிக்கிறது, எதில் அடங்குகிறது. ஸ்டியரிங்கில் தெரிகிறதா, சீட்டில் தெரிகிறதா. ஸ்டியரிங் என்றால் பெரும்பாலும் முன்சக்கரம், சீட்டும் தரையும் என்றால் பெரும்பாலும் பின்சக்கரம். பிரேக் அழுத்தும்போது மட்டும் என்றால் டிஸ்க். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் உலுக்கி, காலை எடுத்தால் நின்றால் டிரைவ் ஷாஃப்டின் உள்பக்க ஜாயின்ட். ஷாக் அப்சார்பர் கழற்றும்போது சக்கரப் பகுதியை வெளியே இழுத்துத் தொங்கவிட்டால் இந்த ஜாயின்ட் கெடுவதுண்டு. எனவே அந்த வேலைக்குப் பின் இந்தக் குணம் புதிதாக வந்தால் மெக்கானிக்கிடம் தைரியமாகக் கேட்கலாம். லேசாக வளையும்போது ஓசை கூடிக் குறைந்தால் பேரிங். காலியான நேர்ச்சாலையில் கிளட்ச்சை மிதித்ததும் இன்ஜின் சத்தம் இறங்கி, நடுக்கம் மட்டும் அப்படியே இருந்தால் இன்ஜினை விட்டுவிடலாம். இவ்வளவையும் அரைப் பக்கத்தில் எழுதலாம்.

நம்மைப் போன்றவர்களுக்கு என்று தனியாக ஒன்று உண்டு. வண்டி பதினைந்து நாள், ஒரு மாதம் என்று ஷெட்டிலேயே நிற்கும். நின்ற டயர் அடியில் தட்டையாகிவிடும். கிளம்பி 15, 20 கிலோமீட்டர் வரை நடுங்கி, டயர் சூடானதும் தானாகச் சரியாகும். அதற்கு ஒரு பைசா செலவு செய்ய வேண்டாம். காற்றைச் சரியாக வைத்து, வாரம் ஒருமுறை கடற்கரைப் பக்கம் ஓட்டி வந்தால் போதும். கார்த்திகை மழைக்குப் பிறகு சேறு ரிம்மின் உள்பக்கம் அப்பிக் காய்ந்துவிட்டாலும் இதே நடுக்கம் வரும். அதற்கு மருந்து ஒரு வாளித் தண்ணீர்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். கட்டை தேயவில்லை என்று எட்டு, ஒன்பது வருட டயரில் ஓட்டுகிறவர்கள் நம்மில் அதிகம். ரேடியல் டயரை மிஷலின் கம்பெனி 1949-இல் சந்தைக்குக் கொண்டுவந்தபோது உள்ளே வைத்த எஃகு வலைதான் இன்றும் அதன் பலம். வயதான டயரில் அந்த வலை ரப்பரை விட்டுப் பிரிந்தால் வெளியே ஒரு புடைப்பு தெரியும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, பக்கத்தில் ஒரு குச்சியை அசையாமல் நிறுத்தி, கையால் சுற்றிப் பாருங்கள். டயர் குச்சியை நெருங்கி விலகினால் விஷயம் இருக்கிறது. புடைப்பு இருந்தால் பேலன்சிங் எல்லாம் வேண்டாம், அன்றே மாற்றுங்கள். இந்த ஒன்றில் மட்டும் நான் சிக்கனம் பேச மாட்டேன்.

மெக்கானிக்குகளை மட்டும் குறை சொன்னால் நியாயமாகாது. சாமான் மாற்றினால் பில் போடலாம். இரண்டு மணி நேரம் யோசித்து, ஓட்டிப் பார்த்து, 'ஒண்ணுமில்ல சார், ஹப்பைச் சுத்தம் பண்ணினேன்' என்றால் நாம் என்ன கொடுப்போம்? "அதுக்கா இவ்வளவு?" என்போம். சும்மா பார்த்துச் சொல்வதற்குக் காசு கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. டாக்டருக்குக் கொடுக்கிறோம், ஜோசியருக்கும் கொடுக்கிறோம். மெக்கானிக்கின் மூளைக்கு மட்டும் இலவசம் எதிர்பார்க்கிறோம். அதனால் அவரும் மூளையை ஒதுக்கிவிட்டுச் சாமானை விற்கிறார். லாஸ்பேட்டைக்காரர் கண்டுபிடித்ததற்கு என்று தனியாக 500 ரூபாய் கேட்டார். நண்பர் முகம் சுருங்கியது. நான் அவர் சட்டைப் பையிலிருந்தே எடுத்துக் கொடுத்தேன். 11,000 கொடுத்த இடத்தில் சுருங்காத முகம் இங்கே ஏன் சுருங்க வேண்டும்?

மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். நண்பருடைய பழைய பேரிங்குகளைக் கேட்டபோது 'போட்டாச்சு சார்' என்றார்களாம். 46,000 கிலோமீட்டரில் சத்தமே இல்லாத பேரிங் இரண்டும் ஒரே சமயத்தில் கெட்டிருக்குமா என்று கையில் வைத்துச் சுற்றிப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

இன்னொன்று, அலாய் வீல் போட்டவர்களுக்கு. உங்கள் ஸ்டெப்னி பெரும்பாலும் பழைய இரும்புச் சக்கரமாகத்தான் இருக்கும். சில அலாய்களுக்குத் தனி நட்டு கொடுக்கிறார்கள், அது இரும்புச் சக்கரத்தில் சரியாக உட்காராது. பழைய நட்டுகள் நான்கையும் ஒரு துணிப்பையில் போட்டு ஸ்டெப்னிக்குள் வைத்துவிடுங்கள். நண்பருடைய நட்டுகள் அந்தப் பின்கட்டில், தேங்காய் மூட்டைக்குப் பின்னால் கிடைத்தன. அவர் மனைவிதான் தேடிக் கண்டுபிடித்தார்.